மின்மினி கண் மூடிய இரவு

அந்தக் காலத்தில் மின்மினிகளுக்கு மினுக்கத் தெரியாது. பிறந்த அன்று ஏற்றிய வெளிச்சத்தைச் சாகும்வரை அணைக்காமல் வைத்திருக்கும். இலைக்கு ஒன்றாக அவை உட்கார்ந்திருந்ததால், பொழுது சாய்ந்த பிறகும் காடு முழுக்கப் பச்சை வெளிச்சத்தில் மூழ்கிக் கிடக்கும். அங்கே வாழ்ந்த மனிதர்களிடம் இருட்டு என்ற சொல்லே இல்லை. வானத்தில் நட்சத்திரங்கள் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. மனிதரின் பேச்சு பூச்சிக்கும், பூச்சியின் பேச்சு மனிதருக்கும் புரிந்த நாட்கள் அவை.

அந்தக் காட்டு மலையின் அடியில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு நடுவே ஒரு மண் திட்டு. மழைக்காலத்தில் யாரும் அதை நெருங்க முடியாது. கோடையில் தண்ணீர் வடிந்ததும், கரையில் நின்ற பெரிய மருதமரத்துக்கு நேராக ஒரு பாறை வரிசை தெரியும். அதன்மேல் நடந்து திட்டுக்குப் போகலாம். ஒரு முழம் விலகினால் ஆள் மூழ்கும் ஆழக் கசம்.

கோடை வந்தால் கிழங்கு தோண்டும் குடும்பங்கள் திட்டுக்குப் போய்த் தங்கும். பதமான மண்ணில் கிழங்கு கை நீளத்துக்கு விளைந்திருக்கும். பகலெல்லாம் தோண்டுவார்கள், நாவற்பழம் உலுக்குவார்கள், புற்றோரத்துக் காளான் பறிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் சுட்ட கிழங்கைத் தேனில் தொட்டுத் தின்றுகொண்டே பூச்சிகளைப் பார்ப்பார்கள். உள்ளங்கை அகல அந்துப்பூச்சி வரும். குச்சி போலவே நடிக்கும் பூச்சி வரும். கும்பிடுபூச்சி வந்து இரண்டு கையும் கூப்பி நிற்கும். அடுத்து எது வரும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு.

ஒரு கோடையில் பன்னிரண்டு பேர் திட்டில் தங்கியிருந்தார்கள். வெள்ளச்சியும் அவள் கணவன் கோவனும் அதில் இருந்தார்கள். கோவனின் தங்கை நஞ்சியும் நாற்பது நாள் குழந்தையோடு வந்திருந்தாள். கிழங்கின் நுனிகூட ஒடியாமல் தோண்டி எடுப்பதில் வெள்ளச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. மாலையானால் அவள் மண்ணில் ஊன்றி வைக்கும் கோலின் மேல் ஒரு மின்மினி வந்து உட்காரும். இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"ராத்திரி பூரா எரிஞ்சுக்கிட்டே இருக்கியே, ஒரு தடவை அணைச்சுட்டுத் தூங்கினா என்ன?" என்று வெள்ளச்சி அன்று கேட்டாள்.

"அணைச்சா உசிரு போயிடும்" என்றது மின்மினி. "எங்கள்ல செத்தவங்களுக்கு மட்டுந்தான் வெளிச்சம் போகும்."

"அணைச்சுப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"செத்துப் பார்த்தவங்க யாராவது வந்து சொல்வாங்களா?"

வெள்ளச்சி சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு அடங்கும்போதே மேற்கே உச்சிமலையில் இடி உருண்டது. திட்டின்மேல் வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. கோவன் எழுந்து போய்த் தண்ணீரில் கால் வைத்தான். சாயங்காலம் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்காலைத் தொட்டது. செம்மண் நிறத்தில் நுரை தள்ளி வந்தது.

"மேல மழை கொட்டிடுச்சு. எல்லாரும் எழுந்திருங்க! திட்டு மூழ்கப் போகுது!"

அழும் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நஞ்சி ஓடி வந்தாள். "அண்ணி, பாறையே தெரியலையே!"

பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. இனி மருதமரத்தைக் குறி வைத்து நேராக நடப்பது ஒன்றுதான் வழி. வெள்ளச்சி கரையைப் பார்த்தாள். எது மருது? பகலில் அதன் வெளுத்த அடிமரம் தூரத்திலிருந்தே தெரியும். இப்போது கரை நெடுக எல்லா மரமும் ஒரே மாதிரி வெளிச்சக் குவியலாக நின்றது. ஆற்றுக்குள்ளும் அதே வெளிச்சம் கலங்கி ஆடியது.

"நான் போய் மருதுல உட்கார்றேன். என்னைப் பார்த்து வா" என்று சொல்லிவிட்டு மின்மினி பறந்தது.

அது போய் உட்கார்ந்தது. கோடி வெளிச்சத்தில் அந்த ஒரு வெளிச்சத்தை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

தண்ணீர் திட்டின் மேலேறியது. இனிக் காத்திருக்க முடியாது என்று வெள்ளச்சி இடுப்பில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டாள். மறுமுனையைக் கோவன் பிடித்துக்கொண்டான். கோலை ஊன்றி, இதுதான் மருதாக இருக்கும் என்று ஒரு மரத்தைப் பார்த்து அவள் இறங்கினாள். ஏழு அடி வைத்தாள். எட்டாவது அடியில் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தலை முங்கிவிட்டது. கோவன் கொடியை இழுத்து அவளைத் திட்டில் ஏற்றினான். கோல் ஆற்றோடு போய்விட்டது. அவள் இருமிக்கொண்டே எழுந்து மறுபடியும் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

மருதமரத்திலிருந்து மின்மினி இதைப் பார்த்தது.

ஒரு விளக்கு எரிவது அங்கே யார் கண்ணுக்கும் படாது. ஒரு மரமே அணைந்தால் படும். ஆனால் செத்துப்போங்கள் என்று சொந்தக் கூட்டத்திடம் எப்படிக் கேட்பது? தான் செய்யாததை அடுத்தவரைச் செய்யச் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. அது கால்களால் இலையை இறுகப் பற்றிக்கொண்டது. பிறகு, எந்த மின்மினியும் அதுவரை செய்யாததைச் செய்தது. தன் வெளிச்சத்தை அணைத்தது.

"ஐயோ, செத்துப்போச்சு!" என்று பக்கத்து இலையில் இருந்த மின்மினி அலறியது.

ஒரு மூச்சு நேரம் கழித்து அந்த வெளிச்சம் திரும்ப வந்தது.

"சாகலை" என்றது மின்மினி. "பயமா இருந்துச்சு. ஆனா வெளிச்சம் எனக்குள்ளதான் இருந்துச்சு. எங்கேயும் போகலை. அங்க பன்னிரண்டு பேர் தவிக்கிறாங்க. எனக்காக ஒரு தடவை அணைப்பீங்களா?"

மரம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. "யார் முதல்ல?" என்று ஒன்று கேட்டது.

"முதல்ல யாரும் வேண்டாம். எல்லாரும் ஒண்ணா மூடுவோம், ஒண்ணா திறப்போம்."

திட்டில் நஞ்சிதான் முதலில் பார்த்தாள். "அண்ணி! அங்க ஒரு மரத்தைக் காணோம்!"

கரையில் ஓரிடத்தில் ஒரு மரத்தின் அளவுக்குக் கறுப்பாக ஏதோ நின்றது. அப்படி ஒரு கறுப்பை அவர்கள் பார்த்ததே இல்லை. அடுத்த கணம் அந்த இடத்தில் மருதமரம் அடி முதல் நுனி வரை ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டது. மறுபடி மறைந்தது. மறுபடி வந்தது.

"அதுதான் மருது! மின்மினிதான் காட்டுது!" என்று கோவன் கத்தினான். "கொடியைப் பிடிச்சுக்கங்க. வெளிச்சம் வந்தா ஒரு எட்டு வைங்க. போனா அப்படியே நில்லுங்க."

வெள்ளச்சி முன்னே நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் காலடியில் பாறை கிடைத்தது. வெளிச்சம் வந்தபோது நடந்தார்கள். போனபோது ஒருவர் தோளை ஒருவர் பற்றி நின்றார்கள். அவர்கள் பாதி ஆறு கடந்தபோது, பக்கத்து மரங்களும் மருதைப் பார்த்து மூடித் திறக்கத் தொடங்கின. மரத்துக்கு மரம் தாவி, சரிவேறி, மலை முழுவதும் அது பரவியது. ஒரு கணம் மொத்தக் காடும் சேர்ந்து கண் மூடியது.

அவர்கள் வாழ்நாளில் பார்த்த முதல் இருட்டு அது. தன் கை தனக்குத் தெரியவில்லை. ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. நஞ்சி பயத்தில் முகத்தை மேலே தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, மேல பாருங்க."

வானம் கொள்ளாமல் நட்சத்திரங்கள். மலைக்கு மலை பால் சிந்தியதுபோல் ஒரு வெளிச்ச வழி. ஆற்றுக்கு நடுவே, இடுப்பளவு வெள்ளத்தில், பன்னிரண்டு பேரும் அண்ணாந்து நின்றார்கள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. இத்தனையும் இத்தனை நாளும் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறதா என்று நினைத்தபோது வெள்ளச்சிக்குக் கண்ணீர் வந்தது.

மருது திரும்ப ஒளிர்ந்தது. அவர்கள் அடுத்த எட்டு வைத்தார்கள்.

எல்லோரும் கரையேறி மரத்தடியில் விழுந்தபோது பின்னால் திட்டு இல்லை. அரை மாதம் தோண்டிய கிழங்கெல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது. வெள்ளச்சி மரத்தில் கை வைத்து அண்ணாந்து கேட்டாள்: "எங்களுக்குத்தான் வழி கிடைச்சிருச்சே. இன்னும் ஏன் மூடி மூடித் திறக்கறீங்க?"

"நாங்களும் இன்னைக்குத்தான் வானத்தைப் பார்க்கிறோம்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "போதலை."

அன்று முதல்தான், கோடை முடிந்து முதல் மழை இறங்கும் முன்பு, மலைக்காட்டு மின்மினிகள் மரம் மரமாக ஒன்றாய் மூடி ஒன்றாய்த் திறக்கின்றன. கிழங்கு தோண்டப் போனவர்கள் அதைக் கண்டதும், வெள்ளம் வரப்போகிறது என்று அறிந்து, கையிலிருக்கும் தீப்பந்தத்தை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டுத்தான் கரை திரும்புகிறார்கள்.