புற்றுக்குப் பின்னால் உட்கார்ந்த காட்டுப்பன்றி

காட்டுப்பன்றி அழுங்கைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மழைக்கால மாலையில். உடம்பெல்லாம் செதில் போர்த்த அந்த எறும்புதின்னி, தன் வளையின் வாயிலில் கறையான் தின்றுகொண்டிருந்தது.

"உன்னாலதான்யா என் குட்டிங்க பொழைச்சுக் கிடக்கு!" என்றது பன்றி.

"போய்யா, வேலையைப் பாரு!" என்று சிரித்துவிட்டு அழுங்கு உள்ளே போயிற்று. மறுநாள் அது எழவில்லை.

பன்றி அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

முன்பு ஒரு கோடையில் குளம் வற்றி, ஒரு கரையோரம் மட்டும் தண்ணீர் நின்றது. ஹாக்கி ஆட்டத்தில் ஜெயிப்பவர்களுக்கே அந்தக் கரை என்று மேட்டு விலங்குகளும் பள்ளத்து விலங்குகளும் பேசி முடித்தன. தோற்றவர்கள் மலை தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். பன்றிக்கோ பால்குடி மறக்காத குட்டிகள்!

பள்ளத்து அணிக்குப் பன்றி தலைவன், அழுங்கு கோல்கீப்பர். அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு. முரட்டாட்டம் ஆடியவன் கொஞ்ச நேரம் மைதான ஓரத்துக் கறையான் புற்றுக்குப் பின்னால், ஆட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். அங்கே அடிக்கடி உட்கார்ந்தது பன்றிதான். பந்தைக் கண்டால் அதற்குத் தலைகால் புரியாது.

போட்டிக்கு முந்தின நாள் பன்றி உறுமியது. "நான் உட்காரும்போதெல்லாம் 'கோல்! கோல்!'னு சத்தம் கேக்குது. ஆள் குறைஞ்சா அழுங்கு தாங்காது. நாளைக்குக் கீரி நிக்கட்டும்!"

"உள்ள போனது கேக்கும் அண்ணே. தடுத்தது எப்படிக் கேக்கும்?" என்றது புற்றின் உச்சியில் இருந்து ஆட்டம் பார்க்கும் மைனா.

"வாயை மூடு!"

அழுங்கு மட்டையைக் கீரியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியது.

மறுநாள் ஆட்டம் சமமாகப் போனது. பன்றி ஒரு மானை இடித்துத் தள்ளியது. உடனே புற்றுக்குப் பின்னால்! உட்கார்ந்ததும் "கோல்!" என்று ஒரு சத்தம். மூச்சு விடுவதற்குள் இன்னொன்று!

"மைனா, என்னடா நடக்குது?"

"வந்ததெல்லாம் உள்ள போகுது அண்ணே!"

"அழுங்கு நின்னப்போ?"

"பத்து வரும். எட்டை மார்ல வாங்கிக்கும். ரெண்டு போகும். அந்த ரெண்டுதான் உனக்குக் கேட்டுச்சு!"

பன்றியை வெட்கம் பிடுங்கித் தின்றது. "அழுங்கு! தப்பு என்னோடது. என் குட்டிங்களுக்காக வாய்யா!"

"இதைக் கேக்க இவ்வளவு நேரமா?" என்று அழுங்கு உருண்டோடி வந்து கோல் வாசலில் நின்றது.

மேட்டு அணி பந்துமேல் பந்தாக அடித்தது. "தடுத்தாச்சு! தோள்ல வாங்கிடுச்சு! இதையும் தடுத்தாச்சு!" என்று மைனா கத்தக் கத்த, பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

திரும்பி வந்த பன்றி யாரையும் இடிக்கவில்லை. பள்ளத்து அணி மூன்று கோல் போட்டு ஜெயித்தது.

இப்போது அழுங்கு இல்லை. அந்தக் கரையில் பன்றியின் பேரக்குட்டிகள் தண்ணீர் குடிக்கின்றன.

காவல் நிற்பவனை அவன் விட்டதை மட்டும் வைத்து அளக்காமல், அவன்மேல் வந்தது எவ்வளவு, தடுத்தது எவ்வளவு என்று பார்த்து, அவன் இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.