வடைக்கு வந்த வெள்ளை கோட்டு

உலகநாதன் இருபது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக ஊசி போட்டுவிட்டு, நாற்பத்தேழு வயதில் நோய்க்குறியியல் படிக்க வந்தவர். பேராசிரியை ஷெரின் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் உலகநாதனுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அக்கா புருஷனால் வந்தது.

அத்தான் திரவியத்துக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஸ்லைடில் அதன் செல்கள் நல்ல குடலின் சாயல் மாறாமல், சுரப்பி சுரப்பியாய் ஒழுங்காக நின்றன. இந்தச் சாயலைத்தான் ரிப்போர்ட் ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்றது. உலகநாதன் சும்மா இருந்திருக்கலாம். வார்டுக்குப் போய், “சாதுவான கட்டி அத்தான்” என்று வாயை விட்டுவிட்டார்.

அவ்வளவுதான். அத்தான் தன் கட்டியின் நற்குணங்களை வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தார். மறுநாள் ஆபரேஷன். அத்தானோ, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறேன், மற்றதை அறுவடை கழித்துப் பார்க்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அக்கா போனில் அழுதாள். உலகநாதன் ஷெரின் மேடத்திடம் போய் நின்றார்.

“வெல் டிஃபரன்ஷியேட்டட்னா சாதுதானே மேடம்? கொஞ்ச நாள் விட்டு வச்சா என்ன?”

ஷெரின், எல்லாத் துறை டாக்டர்களும் கூடிப் பேசும் புற்றுநோய்க் கூட்டம் நடக்கும் அறைக்கு அவரை அழைத்துப் போனார். வாரா வாரம் அங்கே டீயும் வடையும் உண்டு. கடைசி வரிசையில் வெள்ளை கோட்டு போட்ட ஒருவர், திரையில் படம் மாறும்போதெல்லாம் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எந்த டிபார்ட்மென்ட் என்று ஷெரின் கேட்டார். சர்ஜரி என்றார் உலகநாதன். சர்ஜரிக்காரர்கள் அவரை மெடிசின் என்று நினைத்திருந்தார்கள். மெடிசின்காரர்கள் கேட்கவே இல்லை.

“எதிர்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாலு மாசமா வர்றார்” என்றார் ஷெரின்.

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தங்கமான மனுஷனாத் தெரியுறார் மேடம். டம்ளரைக்கூடக் கழுவி வைக்கிறார். இருந்துட்டுப் போகட்டுமே.”

“முதல்ல ஒரு வடை. அப்புறம் நாலு. போன வாரம் பார்சல். இன்னைக்குப் பக்கத்துல இருக்கிறது அவர் மச்சினன்.”

மச்சினனும் வெள்ளை கோட்டில்தான் இருந்தான். அவனும் தலையாட்டினான். உலகநாதன் தட்டைப் பார்த்தார். காலி.

“வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா மேடம்?”

“ரவுடியா இருந்தா இதுக்குள்ள எல்லா வார்டுக்கும் போயிருப்பார். சாதுங்கிறதால இவர் இன்னும் இந்த ஒரு ரூம்லதான் இருக்கார், உங்க அத்தான் கட்டி மாதிரி; இப்பவே எடுத்தாத்தான் லேசு. வாட்ச்மேனை நான் கூப்பிட்டுக்கிறேன். நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி அத்தானைப் பிடிங்க.”