ஏழாம் நம்பர் தெர்மாமீட்டர்

சேர்மக்கனி செய்முறைத் தேர்வில் தோற்றுப்போனான். இரண்டாவது தடவை.

மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை. அதிலும் தோற்றால் கல்லூரியில் இடம் போய்விடும்.

வயது முப்பத்து நான்கு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பிறகு பன்னிரண்டு வருஷம் காஸ்டிக் சோடா என்ற காரம் தயாரிக்கும் ஆலையில் ஆபரேட்டர். இப்போது கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டப்படிப்பு, நேரே இரண்டாம் ஆண்டில். வேலையில் வைத்துக்கொண்டே ஆலை அனுமதிக் கடிதம் கொடுத்ததால் கிடைத்த இடம்.

பேராசிரியை மெஹருன்னிசா அவனைவிட ஐந்து வயது இளையவர்.

"விடை சரிதானே, மேடம்?"

"சரி."

"பிறகு ஏன் பூஜ்யம்?"

விடைத்தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"குழாயில நிமிஷத்துக்கு நாலு லிட்டர் தண்ணி ஓடிச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அன்னிக்கு வால்வை மூடி வச்சிருந்தோம். தண்ணியே வரலை."

சேர்மக்கனி யோசித்தான்.

"வந்திருந்தா நாலு லிட்டர்தான் வந்திருக்கும், மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

"லேபுக்குப் போங்க. தண்ணியைக் கொதிக்க வைங்க. எத்தனை டிகிரியில கொதிக்குதுன்னு எழுதிட்டு வாங்க."

"அது எட்டாம் வகுப்புப் பாடம்."

"அப்போ சீக்கிரம் முடிஞ்சிரும்."

முடியவில்லை.

திங்கட்கிழமை நூறு என்று எழுதிக்கொண்டு வந்தான். தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை நூறு புள்ளி பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு வந்தான். கிழித்தார்.

"என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்குவேன்."

"போய்ட்டு நாளைக்கு வாங்க."

புதன்கிழமை லேப் உதவியாளர் செல்லத்தாய் அவனைப் பார்த்ததும் பர்னரைத் தானே எடுத்து வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் வெந்நியா? மேடம் குளிக்கவா கேக்காவ?"

"நீங்க வேற, அக்கா."

"ஏழாம் நம்பர் தெர்மாமீட்டரைத்தான் உங்களுக்குக் குடுக்கச் சொன்னாவ. எதுக்குன்னு தெரியல. அதுல நூறு வந்து நான் பாத்ததே இல்ல."

தண்ணீர் கொதித்தது. சேர்மக்கனி குனிந்து பார்த்தான். பாதரசம் தொண்ணூற்றாறில் நின்றது. ஐந்து நிமிஷம் கழித்தும் அங்கேயே நின்றது.

கருவி தப்பு என்று முடிவு செய்தான். தண்ணீர் தப்புச் செய்யாது. நூறு என்று எழுதினான்.

கிழித்தார்.

வியாழக்கிழமை தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினான். தொண்ணூற்றாறு.

மெஹருன்னிசா கிழிக்கவில்லை. மேஜைமேல் வைத்து அதன்மேல் பேனாவை வைத்தார்.

"இது எங்கே இருந்துச்சு?"

"தெர்மாமீட்டர்ல."

"திங்கட்கிழமை?"

"அன்னிக்கு நான் பாக்கலை. நூறுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சதை எதுக்கு அளக்கணும்?"

அவன் கூடையில் கிடந்த கிழிந்த தாள்களைப் பார்த்தான்.

"எங்கே பழகினது இது?"

"பாலிடெக்னிக்ல. சீனியர் ரெக்கார்டைப் பாத்து விடையை முதல்ல எழுதிருவோம். அதுக்கேத்த மாதிரி அளவுகளைப் பின்னாடி எழுதுவோம்."

"ஆலையில?"

"அங்கே லாக் ஷீட். மணிக்கொரு தடவை மேலே ஏறி, பிரஷரைப் பாத்து எழுதணும். ஷிப்டுக்கு வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் சேத்து எழுதிட்டு உக்காந்திருவோம். எல்லாரும் அப்படித்தான்."

"என்ன எழுதுவீங்க?"

"இரண்டு. எப்பவும் இரண்டுதான் இருக்கும்."

"எப்பவுமா?"

சேர்மக்கனி சன்னலைப் பார்த்தான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. சைக்கிள் ஷெட்.

"ஒரு நாள் இல்லை" என்றான்.

அவர் காத்திருந்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. மதியம் ரெண்டு மணி ஷிப்ட். மூணு நாப்பது இருக்கும். நான் கீழே டீ குடிச்சிட்டிருந்தேன். மேலே இருந்து ஹெல்ப்பர் கத்தினாரு. பிரஷர் நாலரை, நாலரைன்னு. ஏன் ஏறினாருன்னு தெரியாது. சத்தம் வேற மாதிரி கேட்டிருக்கும். வால்வை மூடிட்டாரு. மூடினதால ஆலை தப்பிச்சுது. கீழே இருந்த பதினோரு பேரும் தப்பிச்சோம்."

"அவர்?"

"மூடும்போது குழாய் ஜாயிண்ட் விட்டுப் போச்சு. கொதிக்கிற காரம். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்து இறந்துட்டாரு."

 

"விசாரணை நடந்துச்சா?"

"நடந்துச்சு. நான் எழுதின ஷீட்டைப் பாத்தாங்க. மூணு மணிக்கு இரண்டு. எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு, ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் தேவையில்லாம ஏறினார்னு எழுதி மூடிட்டாங்க."

"நாலு மணிக்கு ஷீட்ல என்ன இருந்துச்சு?"

சேர்மக்கனி மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தான்.

"இரண்டு" என்றான். "அஞ்சு மணிக்கும் இரண்டு. பத்து மணி வரைக்கும் இரண்டு."

"மூணு நாப்பதுக்கு ஆலையே நின்னு போச்சே. யாரும் கேட்கலையா?"

"கேட்டா எல்லார் ஷீட்டும் வெளியே வரும்."

"அவர் பேர் என்ன?"

"ஹெல்ப்பர்னுதான் கூப்பிடுவோம்."

மெஹருன்னிசா அவனையே பார்த்தார். அவன் தலை குனிந்தான்.

"அதுக்கப்புறம் அந்த நாற்காலியில உக்கார முடியலை, மேடம். அதனாலதான் படிக்க வந்தேன்."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். லேபில் எல்லோருக்கும் கொடுக்கும் வெற்றுத் தாள்தான். மூன்று கட்டங்கள். நேரம். அளவு. பார்த்தவர்.

அவன் முன்னால் வைத்தார்.

சேர்மக்கனி அதைத் தொடவில்லை.

"அன்னிக்கு நடந்ததை இதுல எழுதி ஆலைக்கு அனுப்பினா வேலை போயிரும். வேலை போனா அனுமதிக் கடிதம் போயிரும். கடிதம் போனா..."

"இந்த இடம் போயிரும்" என்றார் அவர்.

"நாளைக்குத் தேர்வு, மேடம்."

"நாளைக்கும் இதே தாள்தான் கொடுப்பாங்க."

எழுந்து வெளியே போய்விட்டார்.

செல்லத்தாய் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். "வெந்நி வேணுமா, அண்ணாச்சி?" என்று கேட்க வந்தவள், கேட்காமல் திரும்பிப் போனாள்.

தாளின் தலைப்பில் சேர்மக்கனி தேதியைப் போட்டான். இன்றைய தேதி இல்லை.

இரண்டு மணி. பார்க்கவில்லை. அடுத்த கட்டத்தில் தன் பெயரை எழுதினான்.

மூன்று மணி. பார்க்கவில்லை. மறுபடியும் தன் பெயர்.

மூன்று நாற்பது. நாலரை.

பேனா நின்றது. மை ஊறி, பார்த்தவர் கட்டத்துக்குள் ஒரு புள்ளி பெரிதானது. அதன் பக்கத்திலேயே, இனிஷியலோடு, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினான்.

சு. ஆறுமுகநயினார்.