சாம்பலில் கொதித்த டீ

சாய மில்லின் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் சவரிமுத்து. அடியில் விழும் சாம்பலைக் கூடையில் சுமந்து குப்பையில் கொட்டுகிறவள் அவன் மனைவி அமலோற்பவம். காற்று நன்றாகப் புகும் என்று பாய்லர் அடுப்பின் அடிக்கம்பிகளை அகல இடைவெளி விட்டுப் புதிதாகப் போடவைத்தவர் மேனேஜர் வைத்தியலிங்கம். கரிச்செலவு ஏறியதும் அவர் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து முக்கால் பங்கு கரிதான். நீராவி குறைஞ்சா உனக்கு வேலை இல்லை."

அன்று சவரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அமலோற்பவம் மில் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி டீ போட்டாள். மேனேஜருக்கும் பணிவாக ஒரு தம்ளர் நீட்டினாள். குடித்தபடியே அவர் அடுப்பைப் பார்த்துவிட்டார்.

"யாரைக் கேட்டு மில் கரியை எடுத்தே?"

"கரியைத் தொடுவேனாய்யா? நீங்க கொட்டச் சொன்ன சாம்பல்தான்."

"சாம்பல் எங்கேயாவது எரியுமா?"

"எரியாதுன்னுதான் நானும் நெனச்சிருந்தேன். நீங்க புதுக்கம்பி போட்ட நாள்லேர்ந்து எரியுதுய்யா."

மேனேஜர் குனிந்தார். கம்பி இடுக்கில் நழுவி விழுந்த, பாதி எரிந்த கரித்துண்டுகள் அடுப்பில் கனன்றுகொண்டிருந்தன. தம்ளரைக் கீழே வைக்காமலே ஃபிட்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

கம்பிகளை நெருக்கிப் போட்டார்கள். முக்கால் பங்கு கரிக்கே நீராவி சீறியது. சவரிமுத்து சாம்பல் கூடையைக் கிளறினான். வெறும் பொடி.

"இத்தனை நாளா நம்ம சோறு இந்தக் கரியிலதானே வெந்துச்சு. இனி என்ன புள்ள செய்வே?"

"அன்னிக்கு நல்ல கரியிலதான் ஆக்கினேன், நீ ஒரு வாய் திங்கல. இனிமே சுள்ளி பொறுக்கி ஆக்குறேன். நீ தின்னு."