சிறுத்தைக்கு ஒரு வாய் இஞ்சி நீர்

குழந்தைகளே, மலைச்சரிவில் ஒரு காடு இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் அங்கே பத்தடி தள்ளி நிற்கும் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு பனி. விலங்குகளுக்கெல்லாம் மூக்கு ஒழுகும். தின்றது செரிக்காமல் வயிறு கல்லாய்க் கனக்கும்.

அந்தக் காட்டில் பாறைகளுக்கு நடுவே ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. அதன் பக்கத்துப் பொந்தில் சுள்ளி என்ற முள்ளம்பன்றி வசித்தது. அது காட்டு இஞ்சியைத் தோண்டி எடுத்து நசுக்கி, துளசி இலையோடு சேர்த்துப் பாறைக்குழியின் வெந்நீரில் ஊறப்போடும். காலையில் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் கொடுக்கும்.

"இன்னொரு வாய்!" என்று யாராவது கேட்டால், "வேண்டாம், வயிறு எரியும்" என்று சொல்லிவிடும்.

ஒருநாள் காலை, நீர் குடிக்க நின்ற மான்கள் திடீரென்று காதை நிமிர்த்தின. மறுநொடி ஒன்றையும் காணோம். முயல் மட்டும் ஓட வழியில்லாமல் சுள்ளியின் பொந்துக்குள் புகுந்து நடுங்கியது.

பனிக்குள்ளிருந்து சிறுத்தை வந்தது. அதன் வயிறு பானைபோல் உப்பியிருந்தது. பின்னால் வாலாட்டிக்கொண்டு நரி வந்தது.

"ஏ முள்ளம்பன்றி! அழுகிப்போன காட்டெருமையைத் தின்றுவிட்டேன். இரண்டு நாளாய் வயிற்றைப் பிடுங்குகிறது. இன்று மாலைக்குள் குணமாக வேண்டும். இல்லாவிட்டால் உன்னை முள்ளோடு கிழித்துப் போடுவேன்" என்று உறுமியது சிறுத்தை.

சுள்ளியின் முட்கள் தாமாகவே சிலிர்த்து நின்றன. ஆனாலும் அது உண்மையைச் சொன்னது.

"ஐயா, மாலைக்குள் முடியாது. காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். மூன்று நாள் எதையும் தின்னக் கூடாது. அப்போதுதான் வயிறு அடங்கும்."

"மூன்று நாளா!" சிறுத்தையின் நகங்கள் வெளியே வந்தன.

நரி முன்னால் ஓடிவந்தது. "அரசே, இவளுக்கு ஒன்றும் தெரியாது! ஒரு வாய் மருந்து உங்கள் வயிற்றின் எந்த மூலைக்குப் போதும்? எனக்கு இந்த வைத்தியமெல்லாம் அத்துப்படி. ஒரு கூடை இஞ்சி கொண்டுவந்து கரைத்துத் தருகிறேன். நண்பகலுக்குள் எழுந்து ஓடுவீர்கள்."

சொன்னபடியே நரி போய் ஒரு கிழங்குக் குவியலை இழுத்துக்கொண்டு வந்தது. சுள்ளி அதைப் பார்த்தது. அத்தனையும் செங்காந்தள் கிழங்கு. கொடிய விஷம். மண் ஒட்டியிருந்ததால் பார்வைக்கு இஞ்சிபோலவே இருந்தது.

பொந்துக்குள்ளிருந்து முயலும் அந்தக் கிழங்கை அடையாளம் கண்டு கிசுகிசுத்தது. "சுள்ளியக்கா, வாயைத் திறக்காதே! அவன் குடிக்கட்டும். செத்துத் தொலையட்டும். என் மூன்று குட்டிகளைத் தின்றவன் அவன்."

சுள்ளி சிறுத்தையைப் பார்த்தது. அது வலியில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பேசாமல் இருந்தால் போதும். காடே நிம்மதியாகத் தூங்கும்.

"மருந்து கேட்டு வந்தவனுக்கு விஷம் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அது பொந்து வாசலிலிருந்து சிறுத்தையின் பக்கம் நடந்தது.

"ஐயா, குடிக்காதீர்கள்! அது இஞ்சி இல்லை, விஷக்கிழங்கு."

"பொறாமை, அரசே, பொறாமை!" என்று கத்தியது நரி.

சுள்ளி தன்னிடமிருந்த இஞ்சியில் ஒரு துண்டையும், நரியின் கிழங்கில் ஒரு துண்டையும் ஒடித்துச் சிறுத்தையின் மூக்கருகே வைத்தது. சிறுத்தையின் சூடான மூச்சு அதன் முகத்தில் அடித்தது.

"முகர்ந்து பாருங்கள். இஞ்சி என்றால் காரமாய் மணக்கும்."

சிறுத்தை முகர்ந்தது. அதன் கண்கள் நரியின் பக்கம் திரும்பின. "நரி, நீ கொண்டுவந்ததில் மண்வாசனைதானே அடிக்கிறது? இதை முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தாயா?"

நரிக்கு ஐந்து நாளாய்ச் சளி. மூக்கு முழுக்க அடைத்திருந்தது. ஒரு வாசனையும் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள அதற்கு வெட்கம். சிறுத்தையின் பல்லைக் கண்டு பயம் வேறு.

"மு... முகர்ந்துதான் எடுத்தேன் அரசே! அருமையான இஞ்சி. நானே தின்று காட்டுகிறேன், பாருங்கள்!" என்று ஒரு கிழங்கை வாயில் கவ்வியது.

"துப்பு! துப்பிவிடு!" என்று அலறியது சுள்ளி.

நரி அந்த முழுக் கிழங்கையும் கடித்து விழுங்கிவிட்டது. "பார்த்தீர்களா? எனக்கு என்ன ஆயிற்று?" என்று சிரித்தது.

நண்பகல்வரை ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு நரி வாந்தி எடுக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. வெயில் சாயும் நேரத்தில் அது ஊர்ந்து சுள்ளியிடம் வந்தது.

"சுள்ளி... ஒரு வாய் இஞ்சி நீர் கொடு."

சுள்ளியின் கண்கள் கலங்கின. "இது வயிற்று உப்புசத்துக்கும் சளிக்கும்தான் கேட்கும். இந்த விஷத்துக்கு எனக்கு மருந்து தெரியாது, நரியண்ணே."

நரி அதன் முகத்தையே பார்த்தபடி கிடந்தது. இருட்டுவதற்குள் அதன் மூச்சு நின்றது.

சிறுத்தை அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தது. காட்டையே நடுங்கவைத்த அதன் உடம்பு இப்போது நடுங்கியது. அது பாறைக்குழிக்குப் போய், ஒரே ஒரு வாய் குடித்தது.

"மூன்று நாளும் நீ என் கண்முன்னால் இருக்க வேண்டும்" என்று சுள்ளியிடம் சொல்லிவிட்டு, பொந்தின் வாயை அடைத்துப் படுத்துக்கொண்டது. உள்ளே முயலும் சுள்ளியும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிறுத்தை புரண்டால்கூட இரண்டும் பின்சுவரோடு ஒடுங்கின. காலையும் மாலையும் சுள்ளி மட்டும் வெளியே வந்து மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பும்.

மூன்றாம் நாள் மாலை சிறுத்தையின் வயிறு வடிந்தது. அது எழுந்து உடம்பை முறித்தது. பொந்துக்குள்ளிருந்து முயலின் வாசனை அடித்தது. சிறுத்தையின் வாயில் எச்சில் ஊறியது.

"எனக்குப் பசிக்கிறது" என்றது.

முயல் கண்ணை மூடிக்கொண்டது. சுள்ளி நகரவில்லை. முயலுக்கு முன்னால் முட்களை விரித்து நின்றது.

விஷத்திலிருந்து தன்னைக் காத்த சுள்ளியைச் சிறுத்தை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு, "இந்த ஊற்றுப்பக்கம் நான் இனி வேட்டையாட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போய்விட்டது.

நீதி: தெரியாததைத் தெரியும் என்று சொல்லி மருந்து கொடுக்காதே, அது உயிரையே பறித்துவிடும்.