பட்டது யாரு?

சென்னை அண்ணா நகரில் ஐஏஎஸ் தேர்வுக்குப் படிப்பவர்களில் அந்த வருடம் ஏஐ பற்றிக் கட்டுரை எழுதாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். விவசாயத்தில் ஏஐ, மருத்துவத்தில் ஏஐ, நிர்வாகத்தில் ஏஐ. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போதும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துப்போயிருந்தது. ஆனாலும் தேர்வில் வரும் என்றார்கள், அதனால் எழுதினார்கள்.

எபனேசரும் எழுதினான். அதே தலைப்பில் இது எத்தனையாவது கட்டுரை என்று அவனுக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு பயிற்சி மையத்தின் மாடி ஏறினான்.

மேலே பூங்கொடி மேடம் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மேடம் அவனைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் அவனோடு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான். நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பி வந்தவர், போதும்டா சாமி என்று பாடம் நடத்தப் போய்விட்டார். அவன் மட்டும் பெஞ்சை விடவில்லை. முதல்முதலாக அவரை மேடம் என்று கூப்பிட்டபோது கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

"உக்காருங்க. டீ சொல்லவா?"

"வேண்டாம் மேடம். குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாயிருச்சு."

உட்கார்ந்தவன் கட்டுரையை நீட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும். பாடத்துல உள்ளது இல்ல."

"கேளுங்க."

"இந்த வருஷத்தோட எனக்கு வயசு முடியுது. அடுத்த வாரம் எழுதறதுதான் கடைசி. பாஸ் ஆயிட்டேன்னே வச்சுக்குவோம். நான் போய் நாற்காலியில உக்காரும்போது வேலையெல்லாம் மெஷின் பாத்துட்டிருந்தா? மனுவைப் பாக்கறதும் அதுதான், தகுதியைப் பாக்கறதும் அதுதான். யாருக்குக் குடுக்கணும், யாருக்கு நிறுத்தணும்னு சொல்றதும் அதுதான். அப்புறம் அதிகாரின்னு ஒரு ஆளு எதுக்கு மேடம்? இதுக்காகவா இத்தனை வருஷத்தைத் தொலைச்சேன்?"

சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மேடம் கை நீட்டினார். "கட்டுரையைக் குடுங்க," என்றார்.

வாங்கிப் படித்தார். நல்ல கட்டுரைதான். முன்னுரை, பயன்கள், சவால்கள், கடைசியில் யாருக்கும் வலிக்காத ஒரு முடிவுரை. படித்து முடித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வட்டம் போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே போனார். பக்கம் அம்மை கண்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

"இவ்வளவு பிழையா மேடம்?"

"பிழையே இல்ல. வட்டம் போட்டதை மட்டும் வாசிங்க."

அவன் வாசித்தான். "கண்டறியப்பட்டது. சரிபார்க்கப்பட்டது. நீக்கப்பட்டனர். தடுக்கப்பட்டது. உறுதிசெய்யப்பட்டது."

"எல்லாமே பட்டது, பட்டதுன்னு இருக்கு," என்றார் மேடம்.

"அரசாங்க நடை அப்படித்தானே? நான், நீன்னு எழுதக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். என் தலையெழுத்து."

அவர் ஒரு வரியில் பேனா முனையை வைத்தார். 'முகச் சரிபார்ப்பின் மூலம் தகுதியற்ற பயனாளிகள் நீக்கப்பட்டனர்' என்று இருந்தது. பயன்கள் என்ற தலைப்பின் கீழ்.

"இதுல நீக்கினது யாரு?"

"மெஷின்."

"சரி. பட்டது யாரு?"

அவனுக்குப் பிடிபடவில்லை. இலக்கணம் கேட்கிறாரோ என்று நினைத்து, எழுவாய், செயப்பாட்டுவினை என்று ஏதோ முனகினான்.

"அட, இலக்கணம் இல்ல எபனேசர். கஷ்டப்பட்டது, அவமானப்பட்டதுன்னு சொல்றோமே, அந்தப் பட்டது. யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க அக்கா," என்றான்.

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"ஊர்ல உப்பளத்துல வேலை பாக்கா. அத்தான் போனதுலருந்து விதவை பென்ஷன் வந்துட்டிருந்தது. இப்ப வருஷத்துக்கு ஒரு தடவ மெஷின் முன்னால முகத்தைக் காட்டணுமாம். பழைய போட்டோல அக்கா பூசினாப்ல இருப்பா. இப்ப வெயில்ல கருத்து, கன்னம் ஒட்டி ஆளே மாறிட்டா. முகம் ஒத்துப்போகல, இது வேற ஆளுன்னு மெஷின் சொல்லிருச்சு. பென்ஷனும் நின்னுபோச்சு. போன்ல ஒரே அழுகை. 'நாந்தாம்ல நானு, இத யார்ட்டல போய்ச் சொல்லட்டும்'னு கேட்டா."

"ஆபீசுக்குப் போனாங்களா?"

"போனா. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்களாம். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு இருந்துச்சாம். எப்ப போனாலும் அதேதான் இருக்காம்."

"அங்க நாற்காலியில ஆள் இருந்தாங்கதானே?"

"இருந்தாங்க."

"அக்கா முகத்தை அவங்க பாத்தாங்களா?"

"ஸ்கிரீனைத்தான் பாத்தாங்களாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கு அலுத்துப்போயிருந்தது. காலையிலிருந்து திருத்திய கட்டுரைகளில் எல்லாம் இதே வரி இருந்தது.

எபனேசர் நிமிர்ந்து உட்கார்ந்தான். வந்தபோது இருந்த சோர்வு முகத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"புரிஞ்சிருச்சு மேடம். முகத்தைப் பாக்கறதுக்குத்தான் அதிகாரி வேணும். இதையே முடிவுரையா வச்சிடறேன். வேற யாரும் இப்படி எழுத மாட்டாங்க. நல்ல மார்க் வரும்."

"எழுதுங்க," என்றார் மேடம். பிறகு, "அக்கா அழுதப்ப நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நானா?"

"உங்க வீட்டுல சட்டம் தெரிஞ்ச, மனு எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கதானே."

அவன் சிவப்பு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரீட்சை முடியட்டும்க்கா, பாக்கலாம்னு சொன்னேன்."

"மறுபடி கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"அதையேதான் சொன்னேன்."

மேடம் கட்டுரையை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"அதைச் சொல்றதுக்கு மெஷினே போதுமே, எபனேசர்."