எரிவாயுவுக்குப் பிறந்த வீடு எது?

நிலவியல் படித்தவர்கள் பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்ப்பார்கள். கால்விரலுக்கு முன்னால் இருப்பதில் இடறுவார்கள். எரிவாயு நிறுவனத்தின் நிலவியலாளர் இன்பவல்லியும் இடறினாள். நடுக்காடு என்ற ஊரில் துளையிட்ட கிணற்றில் எரிவாயு கிடைத்த குஷியில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த வாயு எந்த ஊரில் பிறந்ததோ, அந்த ஊர் அடுப்புகளுக்குத்தான் முதல் குழாய்!" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். இந்த ஆண்டுக்கு இருப்பதோ ஒரே குழாய். தீர்ப்பு பிசகினால் சுற்றுப்பட்டு ஊர்களில் ஒருவரும் அவளுடைய லாரிகளை உள்ளே விடமாட்டார்கள்.

மறுநாளே மூன்று ஊராட்சித் தலைவர்கள் முகாம் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

நடுக்காட்டுப் பக்கிரிசாமி முந்திக்கொண்டார். "கிணறு எங்க ஊர்ல. வாயு எங்க ஊர்ல. இதுல என்ன பஞ்சாயத்து மேடம்?"

மேற்கே உள்ள அல்லிக்குளத்து வைரக்கண்ணு செருமினார். "எங்க குளத்துல தாத்தா காலத்துலேருந்து குமிழி விடுது. தீக்குச்சி கிழிச்சா பத்திக்கும்." குளத்தில் பிடித்தது என்று ஒரு பாட்டிலையும் நீட்டினார். மூடியைத் திறந்தவுடன் எழுந்த நாற்றத்தில், இன்பவல்லி தன்னையறியாமல் அடுத்த அறையின் தேநீர் அடுப்பை எட்டிப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது.

கிழக்கே உள்ள கீழப்புலத்துத் தையல்நாயகி வெறுங்கையோடு வந்திருந்தார். அவர் ஊரில் கிணறும் இல்லை, குமிழியும் இல்லை.

"உங்க ஊர்ல என்னதான்க்கா இருக்கு?" என்று சிரித்தார் பக்கிரிசாமி.

"பொண்ணைக் கட்டிக்கொடுத்தா வீடு காலியாத்தான்ப்பா இருக்கும். ரேஷன் கார்டுல பேரு உன் வீட்டுக்கு மாறிட்டா, பெத்தவன் நீயாயிடுவியா?"

ஆய்வு முடிவு வந்தது. கிணற்று வாயுவில் மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் மூன்றும் இருந்தன. வாசனை துளியும் இல்லை. வைரக்கண்ணுவின் பாட்டிலிலும் மீத்தேனோடு நிறையப் புரோப்பேன். "பாத்தீங்களா!" என்று துண்டை உதறினார் அவர். நிலத்தடிப் படத்தில், நடுக்காட்டுக்குக் கீழே மணற்பாறையும் அதன்மேல் கவிழ்த்த சட்டிபோலக் களிமண் அடுக்கும் தெரிந்தன. பாறைகள் கிழக்கே போகப் போகச் சரிந்து ஆழமாயின. கீழப்புலத்துக்கு அடியில், பூமியின் சூட்டில், பழங்காலத்து உயிர்கள் மக்கிய கரும்பாறை கிடந்தது.

வாசகரே, கொடுத்த வாக்கின்படி முதல் குழாய் யாருக்குச் சேரும்?

விடை: கீழப்புலத்துக்கு. மணற்பாறை வாயுவைத் தாங்குமே தவிரப் பெற்றெடுக்காது. குளத்துச் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவில் எரிவது ஏறக்குறைய வெறும் மீத்தேன்தான். பாட்டிலில் வந்த நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் சிலிண்டரில் மனிதர்கள் கலப்பது. "நல்லா எரியட்டும்னு வீட்லேருந்து கொஞ்சம் சேத்தேன் மேடம்" என்று வைரக்கண்ணுவே ஒப்புக்கொண்டார். கிணற்று வாயுவில் ஈத்தேனும் புரோப்பேனும் சேர்ந்திருந்ததே அது சூட்டில் பிறந்ததற்கு அடையாளம். கரும்பாறை வெந்து பிறந்த அந்த வாயு, பாறைத் துளைகளில் உள்ள தண்ணீரைவிட லேசானதால் சரிவில் மேற்கே ஏறி வந்து, களிமண் சட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆனால் குழாய் போக நடுக்காட்டு வயல்களை விட்டால் வழியில்லை. குழாய் ஏற்றிய லாரியில் போன இன்பவல்லி, வரப்பில் பக்கிரிசாமி நிற்பதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். அவர் லாரியை நிறுத்தி, ஓட்டுநரிடம் சொன்னார்: "இந்தப் பக்கம் நாத்து விட்டிருக்கேன்ப்பா. அந்தப் பக்கமாத் தோண்டுங்க."